முதலில் ஃபேனை நிறுத்துங்கள்

பாட்காஸ்ட் வீடியோக்களில் பேசுபவரின் முகத்தை ஒட்டி ஒரு கறுப்பு மைக் நிற்குமே, அது பெரும்பாலும் ஷூர் எஸ்எம்7பி. அதற்கு 10 சென்டிமீட்டர் முன்னால் ஒருவர் சாதாரணக் குரலில் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மைக்கிலிருந்து வெளிவரும் மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். டிவி ரிமோட்டில் போடும் பென்சில் செல்லின் 1.5 வோல்ட்டை நாலாயிரம் பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு அது. கம்ப்யூட்டருக்குள் போகும் முன் இந்தச் சிறு அலையை ஆயிரம் மடங்கு, சில சமயம் மூவாயிரம் மடங்கு பெருக்கியாக வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் ப்ரீஆம்ப்.

வீட்டில் பாடவோ, ஒலிப்புத்தகம் வாசிக்கவோ, வீணையைப் பதிவு செய்யவோ தொடங்குகிறவர்கள் ஒரு கட்டத்தில் ஹெட்போனில் ‘ஸ்ஸ்ஸ்’ என்ற சீறலைக் கேட்பார்கள். உடனே யாராவது ஒருவர் “ப்ரீஆம்ப் சரியில்லை, நல்லதாக ஒன்று வாங்கு” என்பார். விலைப் பட்டியலைப் பார்த்தால் ஐயாயிரம் ரூபாய்ப் பெட்டியும் இருக்கிறது, ஒற்றைச் சேனலுக்கு லட்சத்துக்கு மேல் கேட்கிற பெட்டியும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் காது எவ்வளவு வித்தியாசத்தைக் கேட்கும்? இந்தக் கேள்விக்கு ரசனையை வைத்துப் பதில் சொல்ல வேண்டியதில்லை. இயற்பியலே ஒரு வரம்பு போட்டுவைத்திருக்கிறது.

வெப்பம் போட்ட எல்லை

1920களின் பிற்பாதியில் அமெரிக்காவின் பெல் தொலைபேசிக் குழுமத்தில் இரண்டு சுவீடன்காரர்கள் வேலை பார்த்தார்கள். ஒருவர் ஜான் ஜான்சன், இன்னொருவர் ஹாரி நைக்விஸ்ட். மின்சாரமே பாயாமல் சும்மா கிடக்கும் மின்தடையின் இரு முனைகளுக்கிடையிலும் ஓயாமல் ஒரு நுண்ணிய மின்னழுத்தம் துடிப்பதை ஜான்சன் அளந்தார். உள்ளே இருக்கும் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைபாய்வதுதான் காரணம் என்று நைக்விஸ்ட் கணக்குப் போட்டுக் காட்டினார். இருவரின் கட்டுரைகளும் 1928இல் வெளிவந்தன. அந்தத் துடிப்பைப் பெருக்கி ஹெட்போனில் கேட்டால் அதே ‘ஸ்ஸ்ஸ்’.

இந்த இரைச்சலைத் தீர்மானிப்பவை மூன்று: வெப்பநிலை, மின்தடை, நாம் கேட்கும் அலைவரிசையின் அகலம். எஸ்எம்7பி போன்ற டைனமிக் மைக்கின் மின்தடை 150 ஓம் என்று குறிக்கப்படுகிறது. அறை வெப்பநிலையில், மனிதக் காது கேட்கும் 20,000 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு 150 ஓமின் இரைச்சல் 0.22 மைக்ரோவோல்ட். ஒலிப்பொறியாளர்களின் அளவுகோலில் இது -131 டிபியு.

இது மைக்கின் கம்பிச்சுருளிலேயே பிறக்கும் இரைச்சல். பின்னால் எந்த ப்ரீஆம்பை மாட்டினாலும் இதைக் குறைக்க முடியாது. குறைத்தே தீருவேன் என்றால் மைக்கைத்தான் குளிர வைக்க வேண்டும். இரைச்சலைப் பாதியாக்க வெப்பநிலையை 75 கெல்வினுக்கு இறக்க வேண்டும், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 198 டிகிரி செல்சியஸ். திரவ நைட்ரஜனில் முக்கிய மைக்கில் யாரும் பாட முடியாது.

இனி ஐயாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய்ப் பெட்டிகள் இந்த எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கின்றன என்று பார்க்கலாம். ப்ரீஆம்பின் விவரக் குறிப்பில் ஈஐஎன் என்று ஓர் எண் இருக்கும். மைக்குக்குப் பதில் வாசலில் வைக்கும் 150 ஓம் மின்தடையின் இரைச்சலையும் சேர்த்து, ப்ரீஆம்பின் இரைச்சல் அதன் வாசலில் எவ்வளவுக்குச் சமம் என்று சொல்வது அது. மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டிக்கு இன்டர்ஃபேஸ் என்று பெயர், ப்ரீஆம்ப் அதற்குள்ளேயே இருக்கும். மூன்றாம் தலைமுறை ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 இன்டர்ஃபேஸுக்கு இந்த எண் -128 டிபியு. காதின் உணர்திறனுக்கு ஏற்ப எடையிட்டு அளந்தது இது. அதே முறையில் அளந்தால் வெறும் 150 ஓம் மின்தடையே -133 டிபியு அளவில் நிற்கும்.

இரண்டுக்கும் இடைவெளி 5 டெசிபல். உலகின் மிகச் சிறந்த ப்ரீஆம்பை, இரைச்சலே இல்லாத ஒரு கற்பனைப் பெட்டியை, சொத்தை விற்று வாங்கி வைத்தாலும் இந்த 5 டெசிபலுக்கு மேல் ஒரு துளியும் லாபம் வராது. வாயை மைக்கிலிருந்து 20 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து 10 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தாலே குரல் 6 டெசிபல் கூடிவிடும். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

மலிவுப் பெட்டிகள் இவ்வளவு தேறியதற்குக் காரணம் உள்ளே இருக்கும் சில்லுகள். ஒரு காலத்தில் தேர்ந்தெடுத்த டிரான்சிஸ்டர்களையும் உலோகப் பெட்டிக்குள் அடைத்த டிரான்ஸ்ஃபார்மர்களையும் வைத்துச் செய்த வேலையை இன்று நகத்தளவு ஐசி ஒன்று செய்துவிடுகிறது. தாட் கார்ப்பரேஷனின் 1510 போன்ற மைக் ப்ரீஆம்ப் ஐசிக்கள் கெயினை, அதாவது பெருக்கும் அளவை, உயர்த்தி வைத்திருக்கும்போது 150 ஓம் மின்தடையின் இரைச்சலைவிடக் குறைவாகத்தான் தம் பங்கைச் சேர்க்கின்றன. இதற்குமேல் மேம்படுத்தப் பெரிதாக இடமில்லை.

மூன்று இரைச்சல்களின் போட்டி

நீங்கள் பதிவு செய்யும் ஒலியில் மூன்று இரைச்சல்கள் கலந்திருக்கின்றன: அறையினுடையது, மைக்கினுடையது, ப்ரீஆம்பினுடையது. பலமானது மற்ற இரண்டையும் மூடிவிடும். ஆகவே பணத்தை எடுக்கும் முன் எது பலமானது என்று தெரிய வேண்டும்.

கண்டென்சர் மைக்கில் தொடங்குவோம். ரோட் என்டி1-ஏ, அமைதிக்குப் பேர்போன மைக். தன் சொந்த இரைச்சல் 5 டெசிபல் மட்டுமே என்கிறது அதன் குறிப்பு. ஆனால் இது உரக்கப் பேசும் மைக். அதே சத்தத்துக்கு எஸ்எம்7பி தருவதைப்போல இருபது மடங்குக்கு மேல் மின்னழுத்தம் தரும். அதனால் அந்த 5 டெசிபல் இரைச்சல்கூடக் கேபிளில் கிட்டத்தட்ட 0.9 மைக்ரோவோல்ட்டாக வந்து சேர்கிறது. -128 டிபியு ப்ரீஆம்பின் இரைச்சல் 0.3 மைக்ரோவோல்ட். இரண்டையும் முறைப்படி கூட்டினால் ப்ரீஆம்பின் பங்கு அரை டெசிபல். மனிதக் காதுக்கு அது தெரியாது. இதைவிட இரைச்சல் அதிகமான கண்டென்சர் மைக்குகளில் ப்ரீஆம்பின் பங்கு இன்னும் தேய்ந்துபோகும். கண்டென்சர் மைக் வைத்திருப்பவர் இரைச்சலைக் குறைப்பதற்காகத் தனி ப்ரீஆம்ப் வாங்கினால் அது வீண் செலவு.

டைனமிக் மைக்கின் கதை வேறு. எஸ்எம்7பி முன்னால் 10 சென்டிமீட்டரில் பேசும் குரல் 84 டெசிபல் என்று கொண்டால், மைக் தருவது சுமார் -67 டிபியு. அதற்கும் ப்ரீஆம்பின் -128க்கும் இடைவெளி 61 டெசிபல். 84இலிருந்து 61ஐக் கழித்தால் 23. அதாவது, அறையில் 23 டெசிபல் சத்தம் இருந்தால் எவ்வளவு கேட்குமோ அவ்வளவுதான் இந்த ப்ரீஆம்பின் சீறல்.

இப்போது அறைக்கு வருவோம். நகரத்து வீட்டில் நள்ளிரவில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உட்கார்ந்தாலும் 30 டெசிபலுக்குக் கீழே போவது கஷ்டம். சீலிங் ஃபேன் நடுத்தர வேகத்தில் ஓடினால் 40ஐத் தாண்டும். பின்பக்கச் சத்தத்தை மைக் ஓரளவு தள்ளிவிடும்தான், ஐந்து டெசிபல் கழித்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஃபேனின் சத்தம் ப்ரீஆம்பைவிடப் பத்து டெசிபலுக்கு மேல் முன்னால் நிற்கிறது. குட்டையில் முகந்த தண்ணீரை வெள்ளிக் குடத்தில் ஊற்றி வைத்தாலும் அது தெளியாது. ஃபேன் ஓடும் அறையில் விலையுயர்ந்த ப்ரீஆம்பின் கதி அதுதான்.

கெயின் என்ற உண்மையான பிரச்சினை

அப்படியானால் எஸ்எம்7பி வாங்கியவர்கள் எல்லாம் ஏன் ப்ரீஆம்பைக் குறை சொன்னார்கள்? அவர்களின் புகாரில் நியாயம் இருந்தது. ஆனால் குறை இரைச்சலில் இல்லை, கெயினில் இருந்தது.

டெசிபல் கணக்கில் ஒவ்வொரு 20க்கும் மின்னழுத்தம் பத்து மடங்கு கூடும். 40 டெசிபல் என்றால் நூறு மடங்கு, 60 என்றால் ஆயிரம் மடங்கு. எஸ்எம்7பிக்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும் என்கிறது ஷூர். மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட் 2ஐ2 தந்தது 56. குமிழை முழுக்கத் திருப்பினால்தான் போதுமான சத்தம் வரும். மெல்லிய குரல்காரருக்கு அதுவும் போதாது.

அந்தக் குமிழைக் கொஞ்சம் உன்னிப்பாகக் கவனித்தால் ஒன்று புரியும். பல மலிவு இன்டர்ஃபேஸ்களில் முக்கால் சுற்று வரை கெயின் நிதானமாக ஏறும், கடைசிக் கால் சுற்றில் சட்டென்று எகிறும். ஒரே ஒரு மாறு மின்தடையின் மதிப்பைக் குறைத்துக் கெயினை ஏற்றும் சுற்றமைப்பின் இயல்பு அது. மின்தடை பூஜ்யத்தை நெருங்க நெருங்க ஒவ்வொரு டிகிரி திருப்பலுக்கும் கெயின் பல மடங்காகத் தாவும். அந்த இடத்தில் சீறல் திடீரென்று முளைத்ததுபோல் தோன்றும். உண்மையில் குரலும் சீறலும் சேர்ந்தே ஏறியிருக்கின்றன, விகிதம் கெடவில்லை. கெடாமல் இருப்பது மட்டுமல்ல, நடுக் குமிழில் இருந்ததைவிட அங்கே விகிதம் சற்று மேலாகவே இருக்கும். “குமிழைக் கடைசி வரை திருப்பாதே, நாய்ஸ் வரும்” என்று கடைக்காரர்களே சொல்வது இந்த மயக்கத்தால்தான்.

கெயின் தட்டுப்பாட்டைப் போக்க வந்தவை சின்னஞ்சிறு பூஸ்டர் பெட்டிகள். மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் மாட்டுவது. கிளவுட்லிஃப்டர் சிஎல்-1 சுமார் 25 டெசிபல் கூட்டும், ட்ரைட்டன் ஆடியோவின் ஃபெட்ஹெட் 27. இன்டர்ஃபேஸ் அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் பவரை எடுத்துக்கொண்டு இயங்கும், ஆனால் அதை மைக்குக்குக் கடத்தாது. 2023இல் இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் வந்தது. ஷூர், மைக்குக்குள்ளேயே 28 டெசிபல் வரை பெருக்கும் எஸ்எம்7டிபியை வெளியிட்டது. ஃபோகஸ்ரைட், நான்காம் தலைமுறை 2ஐ2இல் கெயினை 69 டெசிபலுக்கு உயர்த்தியது. கவனியுங்கள்: அந்தத் தலைமுறையில் இரைச்சல் எண் குறையவில்லை, ஒரு டெசிபல் கூடி -127 என்றே அச்சாகியிருக்கிறது. கூடியது கெயின் மட்டும். அதே தலைமுறையின் சோலோ மாடலில் கெயின் 57தான். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல.

சில ரூபாயில் ஒரு சோதனை

உங்கள் வீட்டில் எந்த இரைச்சல் பலமானது என்பதை யாரையும் கேட்காமல் நீங்களே அளந்துவிடலாம். சென்னையில் என்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில், மற்ற ஊர்களில் எந்த எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையிலும், 150 ஓம் மின்தடை ஒன்றும் எக்ஸ்எல்ஆர் ஆண் பிளக் ஒன்றும் வாங்குங்கள். பிளக்கைப் பிரித்தால் உள்ளே 1, 2, 3 என்று எண்ணிட்ட மூன்று பின்கள் தெரியும். மின்தடையின் ஒரு காலை 2ஆம் பின்னிலும் மறு காலை 3ஆம் பின்னிலும் சால்டர் வையுங்கள். பிளக்கின் உறையைத் திருகி மூடிவிடுங்கள். எதையும் கேட்காத ஒரு மைக் தயார்.

முதலில் உண்மையான மைக்கை மாட்டி, வழக்கமாகப் பேசும் இடத்தில் பேசி, கெயினைச் சரிசெய்யுங்கள். அதன்பின் குமிழைத் தொடக்கூடாது. ஃபேன் ஓடும்போது யாரும் பேசாமல் அரை நிமிடம், ஃபேனை நிறுத்தி அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். பிறகு ஃபேன்டம் பவரை அணைத்து, மைக்கைக் கழற்றி, மின்தடைப் பிளக்கை மாட்டி இன்னோர் அரை நிமிடம். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் மூன்றின் சராசரி அளவையும் பாருங்கள்.

மின்தடையின் பதிவைவிட ஃபேன் நின்ற அறையின் பதிவு 10 டெசிபல் அதிகம் என்றால், ப்ரீஆம்பை மாற்றிக் கிடைக்கும் லாபம் அரை டெசிபலைத் தொடாது. அந்தப் பணத்துக்குக் கனமான திரைச்சீலை வாங்கலாம், மெத்தையைச் சுவரோரம் நிறுத்தலாம், ஜன்னல் இடுக்கை அடைக்கலாம். மாறாக இரண்டு பதிவும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால், உங்கள் அறை நிஜமாகவே அமைதியானது. ப்ரீஆம்பைப் பற்றி யோசிக்க உங்களுக்குக் காரணம் இருக்கிறது.

கேட்பது சீறலா, ரீங்காரமா என்பதையும் பிரித்தறிய வேண்டும். ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் வருவது. வீட்டு மின்சாரத்தின் குரல் அது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஃபேன், விளக்கு ரெகுலேட்டரை முழுக்க அணைத்துப் பாருங்கள்; எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள் கரகரவென்ற சத்தத்தைக் கம்பி வழியே பரப்பும். மூன்று பின் கேபிளுக்குப் பதில் ஒற்றைக் கம்பி ஜாக் கேபிளில் மைக்கை இணைத்திருந்தால் அதை மாற்றுங்கள். எக்ஸ்எல்ஆர் கேபிளின் இரண்டு கம்பிகளிலும் குரல் எதிரெதிர்த் திசையில் ஓடுகிறது, வெளியிலிருந்து ஒட்டும் ரீங்காரமோ இரண்டிலும் ஒரே திசையில் ஏறுகிறது. ப்ரீஆம்ப் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது குரல் இரட்டிக்கும், ரீங்காரம் கரைந்துபோகும். ஒற்றைக் கம்பியில் இந்தக் கழித்தலுக்கு வழியில்லை.

கடையில் கேட்க வேண்டியவை

முதல் எண் கெயின். டைனமிக் மைக்கில் பேசுவதற்கும் மென்மையாகப் பாடுவதற்கும் 60 டெசிபலுக்கு மேல் இருக்கட்டும். கண்டென்சர் மைக்குக்கு 50 தாராளம்.

இரண்டாவது ஈஐஎன். -125 டிபியுவைவிட இறங்கியிருந்தால் போதும். -128, -129 என்ற போட்டியில் பணத்தைக் கொட்ட வேண்டாம். எண் எப்படி அளக்கப்பட்டது என்று மட்டும் பாருங்கள். காதுக்கேற்ப எடையிட்டால் எண் சுமார் 2 டெசிபல் மேம்பட்டதுபோல் தெரியும். 150 ஓமுக்குப் பதில் வாசலைக் கம்பியால் குறுக்கிவிட்டு அளந்தால் எண் இன்னும் அழகாகிவிடும். இரு வேறு முறையில் அளந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை.

மூன்றாவது, உள்ளே வாங்கக்கூடிய அதிகபட்ச அளவு. தவில், பறை, நாதஸ்வரம் என்று உரத்த கருவிகளைக் கண்டென்சர் மைக்கில் அருகிலிருந்து பதிவு செய்பவர்களுக்குக் கெயின் தேவையே இல்லை. வாசலிலேயே சமிக்ஞை வெட்டுப்படாமல் இருக்க வேண்டும். குறைந்த கெயினில் +9 டிபியு அல்லது அதற்கு மேல் தாங்குகிறதா, அளவைக் குறைக்கும் பேட் பொத்தான் உண்டா என்று கேளுங்கள்.

நான்காவது ஃபேன்டம் பவர். 1966இல் நார்வே வானொலிக்காக நியூமன் நிறுவனம் கேஎம் 84 மைக்கை உருவாக்கியபோது அங்கே ஏற்கெனவே அவசர விளக்குகளுக்கு 48 வோல்ட் மின்வசதி இருந்தது; அதையே மைக்குக்கும் எடுத்துக்கொண்டார்கள். அந்த 48 இன்று உலகத் தரம். 44 முதல் 52 வோல்ட் வரை இருக்கலாம் என்பது விதி. யூஎஸ்பியின் 5 வோல்ட்டிலிருந்து இதை உண்டாக்கும் மலிவுப் பெட்டிகளில் சில இந்த அளவை எட்டாமல் ஏமாற்றும். மல்டிமீட்டரின் ஒரு முனையை 1ஆம் பின்னிலும் மறுமுனையை 2ஆம் பின்னிலும் வைத்தால் உண்மை தெரிந்துவிடும்.

லட்ச ரூபாய் எதற்கு?

ரூபர்ட் நீவ் 1970இல் வடிவமைத்த 1073 ப்ரீஆம்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. ராக் இசையின் பொற்காலத்துப் பதிவுகள் பலவற்றில் இதன் கைவண்ணம் உண்டு. இன்றும் அதே பெயரில் தயாராகிறது. அதன் இரைச்சல் எண் சுமார் -125 டிபியு, இன்றைய மலிவு இன்டர்ஃபேஸின் நிலைதான். ஆக, லட்சம் ரூபாய் அமைதிக்காகக் கொடுக்கப்படவில்லை. சமிக்ஞை அதற்குள் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்களின் இரும்பு, சமிக்ஞை பலமாகும்போது மெல்லத் திணறி, மூலத்தில் இல்லாத சில மடங்கு அதிர்வெண்களைச் சேர்க்கிறது. குரலுக்குத் தடிமன் வந்தது போல் இருக்கும். கணக்குப்படி அது பிழை, காதுக்கு அது இனிமை. அந்தப் பிழைக்குத்தான் விலை.

அதே இனிமையை மலிவு விலையில் தருவதாகச் சொல்லி வால்வு ஒளிரும் பெட்டிகள் விற்கின்றன. 12ஏஎக்ஸ்7 வால்வுக்கு முறையாக 250 வோல்ட் போன்ற உயர் மின்னழுத்தம் வேண்டும். பல மலிவுப் பெட்டிகளில் அதைச் சில பத்து வோல்ட்டில் பட்டினி போட்டு ஓட்டுகிறார்கள். பெருக்கும் வேலையைப் பெரும்பாலும் ஐசி செய்கிறது, வால்வு திரிபைச் சேர்க்கிறது. பிடித்திருந்தால் வாங்கலாம். ஆனால் பதிவிலேயே ஒட்டிவிட்ட திரிபைப் பிறகு பிரித்தெடுக்க முடியாது. சுத்தமாகப் பதிந்துவிட்டு மென்பொருளில் அந்த நிறத்தைப் பூசினால் பிடிக்காதபோது கழற்றிவிடலாம்.

இதே ரூபர்ட் நீவ் 1985இல் தொடங்கிய நிறுவனம்தான் ஃபோகஸ்ரைட். பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் ஏர் ஸ்டூடியோவுக்காகச் செய்த ப்ரீஆம்பில் அதன் கதை ஆரம்பித்தது. சில ஆண்டுகளில் நிறுவனம் கைமாறிவிட்டது, ஸ்கார்லெட் வந்தது 2011இல். அது நீவின் வடிவமைப்பு அல்ல. ஆனாலும் சக்கரம் ஒரு சுற்று வந்துவிட்டது: பெரிய ஸ்டூடியோக்கள் மட்டுமே வாங்க முடிந்த அமைதி, படுக்கையறை மேஜைக்கு வந்திருக்கிறது.

எனவே கையில் இருபதாயிரம் ரூபாய் இருந்தால் ப்ரீஆம்புக்கென்று தனியாக எதையும் ஒதுக்க வேண்டாம். போதிய கெயின் உள்ள இன்டர்ஃபேஸ் ஒன்று, குரலுக்கு ஒத்துவரும் மைக், நல்ல கேபிள், மீதி அறைக்கு. ஏற்கெனவே இருக்கும் இன்டர்ஃபேஸில் கெயின் போதவில்லை என்றால் பூஸ்டர் ஒன்று போதும். ஃபேன் நின்ற பிறகும், வாயை மைக்கருகே கொண்டுவந்த பிறகும், மின்தடைச் சோதனையில் ப்ரீஆம்பின் சீறல்தான் மிஞ்சுகிறது என்றால் தயங்காமல் புதியது வாங்குங்கள். அப்போதும் எதிர்பார்ப்பு ஐந்து டெசிபலைத் தாண்ட வேண்டாம்.